‘நீங்க உட்காருங்கம்மா!’ - அன்பா... அச்சமா?

கோயிலில் இந்தக் காட்சியை நீங்கள் கவனித்திருப்பீர்கள். தரிசனம் முடிந்து எல்லோரும் கொடிமரத்தின் அருகே வருகிறார்கள். இளம்பெண்கள் சட்டென்று மண்டியிட்டு, நெற்றி தரையில் பட நமஸ்கரித்து எழுந்துவிடுகிறார்கள். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் மட்டும் தயங்கி நிற்கிறார். ஒரு கை இடுப்பில் இருக்கிறது. கண்கள் தரையைப் பார்க்கின்றன, கொடிமரத்தைப் பார்க்கின்றன, மறுபடியும் தரையையே பார்க்கின்றன. கடைசியில் நின்றபடியே கைகூப்பி, ‘‘இனிமே என்னால இவ்வளவுதான் முடியும். நீதான் ஏத்துக்கணும்’’ என்று முணுமுணுத்துவிட்டு நகர்கிறார்.

சுவாமி ஏற்றுக்கொள்வார். அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு துளி தீர்த்தத்தையும் ஓர் இலையையும்கூட மனமுவந்து ஏற்பவர், நின்றபடி கூப்பும் கைகளையா மறுக்கப் போகிறார்?

நம் கேள்வி சுவாமியைப் பற்றியது அல்ல. அந்த அம்மாளைப் பற்றியது. அவரைக் குனிய விடாமல் தடுத்தது வலியா? அல்லது, வலி வந்துவிடுமோ என்ற பயமா?

‘இரண்டும் ஒன்றுதானே!’ என்று தோன்றலாம். ஒன்றல்ல. வலி உடம்பைச் சேர்ந்தது. பயம் மனதைச் சேர்ந்தது. வலி இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போய்விடலாம். பயம் அப்படிப் போவதில்லை. முதலில் நமஸ்காரத்தை எடுத்துக்கொள்ளும், பிறகு வாசல் கோலத்தை, பிறகு பிரதட்சிணத்தை, கடைசியில் கோயிலுக்குப் போவதையே எடுத்துக்கொள்ளும். இத்தனையும் போன பிறகு, ‘வயசாயிடுச்சு’ என்று அதற்கு ஒரு பெயரையும் நாமே வைத்துவிடுகிறோம்.

பயத்துக்கும் ஒரு பெயர் உண்டு!

அசைந்தால், குனிந்தால், திரும்பினால் உடம்புக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அளவுக்கு மீறி அஞ்சும் நிலைக்கு மருத்துவத்தில் ‘கைனீசியோஃபோபியா’ என்று பெயர். 1990-ஆம் ஆண்டில் கோரி, மில்லர், டாட் என்ற மூன்று ஆய்வாளர்கள் நாள்பட்ட வலியைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். இந்தப் பயம் ஒருவருக்கு எந்த அளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு 17 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாளும் உண்டு. ஆக, இது ஏதோ நம் வீட்டுப் பாட்டியின் பிடிவாதம் அல்ல. உலகம் முழுவதும் மருத்துவர்கள் அறிந்த விஷயம்.

2000-ஆம் ஆண்டில் விளாயன், லிண்டன் என்ற இரு ஆய்வாளர்கள், இந்தப் பயம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு சக்கரம் போல விளக்கினார்கள். இடுப்பில் சுரீர் என்கிறது. ‘உள்ளே ஏதோ விட்டுப்போச்சு’ என்று மனம் பதறுகிறது. அதனால் குனிவதை நிறுத்துகிறோம். குனியாத இடுப்பு இறுகுகிறது. உழைக்காத தசை இளைக்கிறது. அப்புறம் ஒருநாள் கீழே விழுந்த சாவிக்கொத்தை எடுக்கக் குனிந்தாலே பிடித்துக்கொள்கிறது. ‘பார்த்தியா... நான்தான் சொன்னேனே!’ என்று பயம் இன்னும் பலமாகிறது. சக்கரம் மறுபடி சுற்றுகிறது.

அப்படியானால் வலி பொய்யா? இல்லவே இல்லை. வலி நிஜம். ஆனால், வலிக்கிறது என்பதற்கும் உள்ளே முறிந்துவிட்டது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. தெருவில் நிறுத்தியிருக்கும் காரைப் பார்த்திருப்பீர்கள். சில கார்களில் பூனை ஏறி உட்கார்ந்தாலே அலாரம் அலறும். சத்தம் நிஜம். தூக்கம் கெடுவதும் நிஜம். ஆனால், திருடன் வரவில்லை! நாள்பட்ட இடுப்பு வலி பல நேரங்களில் இந்த மாதிரிதான். அலாரம் கொஞ்சம் அதிகமாக விழிப்படைந்துவிடுகிறது.

இடுப்பு வலியால் துன்பப்பட்டவர்கள் 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61.9 கோடி பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்களைவிடப் பெண்களே இதில் அதிகம். இப்படி வலிப்பவர்களில் 10 பேரில் சுமார் 9 பேருக்கு, ‘இன்ன எலும்பு, இன்ன நோய்’ என்று ஒரு குறிப்பிட்ட காரணத்தைச் சுட்டிக்காட்டவே முடிவதில்லை.

‘தேய்மானம்’ என்று ஒரு சொல்!

‘‘அப்படியெல்லாம் இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாச்சு. டிஸ்க் தேய்ஞ்சு போச்சுன்னு ரிப்போர்ட்டிலேயே இருக்கு’’ என்பீர்கள். நம் வீடுகளில் சுவாமி படத்துக்கு அடுத்தபடியாகப் பத்திரமாக வைக்கப்படுவது இந்த ரிப்போர்ட்தான்!

இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவிகிதம் பேருக்கு டிஸ்க்கில் தேய்மானம் தெரிந்தது. 80 வயதுக்காரர்களில் அது 96 சதவிகிதம். இவர்கள் யாருக்குமே வலி இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். தலைமுடி நரைப்பது போல, முகத்தில் சுருக்கம் விழுவது போல, முதுகுக்குள்ளும் வயது தன் கோலத்தைப் போடுகிறது. ரிப்போர்ட்டில் அது இருக்கிறது என்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது.

‘தேய்மானம்’ என்றதும் நமக்குச் செருப்பு நினைவுக்கு வருகிறது. நடக்க நடக்கத் தேயும். ஆகவே குறைவாக நடந்தால் நிறைய நாள் உழைக்கும் என்று கணக்குப் போடுகிறோம். நடந்தால் செருப்பு தேயும்; ஆனால் பாதம் உரம் ஏறும்! உயிருள்ள உடம்புக்கும் உயிரில்லாத பொருளுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

படுக்கை என்னும் விரதம்

இடுப்பு பிடித்துக்கொண்டால் பலகையில் படுத்துவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். இப்போது அந்த எண்ணம் மாறிவிட்டது.

பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து, 1995-இல் அதன் முடிவு வெளியானது. இடுப்பு திடீரென்று பிடித்துக்கொண்ட இவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு நாள் படுக்கையில் ஓய்வெடுத்தார்கள். இன்னொரு பகுதியினர் முதுகுக்கென்று தனியாகப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வலி அனுமதிக்கும் அளவுக்குத் தங்கள் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தார்கள். சீக்கிரம் தேறியவர்கள் யார் தெரியுமா? வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்கள்தான்.

அவர்கள் வேலைக்குப் போகும் வயதினர். முதியவர்களுக்குப் படுக்கை இன்னும் ஆபத்து. சராசரியாக 67 வயதுள்ள, நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த சிலரை அமெரிக்காவில் 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிப் பரிசோதித்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, அந்தப் பத்தே நாட்களில் கால்களில் இருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போய்விட்டது!

உபவாசத்துக்குப் பாரணை உண்டு. படுக்கை விரதத்துக்கு நாம் பாரணையே வைப்பதில்லை. அதுதான் சிக்கல்.

மனசால் கும்பிட்டால் போதாதா?

இங்கே பக்தி உள்ளவர்களுக்கு நியாயமான ஒரு சந்தேகம் எழும். ‘மானசீக பூஜைதானே உயர்ந்தது? பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டவில்லையா? காஞ்சியில் அரசன் எழுப்பிய கற்கோயிலை விட்டுவிட்டு, அந்த மனக்கோயிலுக்கு அல்லவா ஈசன் எழுந்தருளினார்? அப்படியிருக்க, உட்கார்ந்த இடத்தில் நினைத்தால் போதாதா?’

போதும். ஆனால், பூசலாரின் கதையை ஆரம்பத்தில் இருந்து பாருங்கள். திருநின்றவூரில் வாழ்ந்த அந்த அடியார், முதலில் நிஜமான கோயில் கட்டத்தான் ஆசைப்பட்டார். அதற்காகப் பொருள் தேடி அலைந்தார். கேட்க வேண்டிய இடமெல்லாம் கேட்டார். எங்கும் கிடைக்கவில்லை. தன்னால் ஆன அத்தனையும் செய்து முடித்த பிறகுதான் மனதுக்குள் அஸ்திவாரம் போட்டார். அவரிடம் இல்லாதது பணம், துணிச்சல் அல்ல.

முடியாதவர் மனதால் செய்வது பக்தி. முயலாதவர் மனதால் செய்வதாகச் சொல்லிக்கொள்வதில், பக்தியோடு கொஞ்சம் பயமும் கலந்திருக்கலாம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே எது என்பது சம்பந்தப்பட்டவருக்கு மட்டுமே தெரியும்.

‘இதெல்லாம் இனி எதுக்கு?’ என்று ஒன்றைக் கைவிடும்போது, கைவிட்ட பிறகு மனம் லேசாகிறதா, கனக்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். பழுத்த பழம் காம்பை விட்டு நழுவுவது போல நழுவினால், அது பக்குவம். மார்கழியில் அடுத்த வீட்டு வாசல் கோலத்தைப் பார்த்துப் பெருமூச்சு வந்தால், அது பக்குவம் அல்ல, இழப்பு. பயம் பறித்துக்கொண்டு போன இழப்பு. அதை ‘வைராக்கியம்’ என்று அழைத்து நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ளக் கூடாது.

உட்கார வைக்கும் அன்பு

இப்போது அந்த அம்மாளை விட்டுவிட்டு நம்மிடம் வருவோம். ஏனென்றால், இந்தப் பயத்தை வளர்ப்பதில் வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு.

‘‘அம்மா, நீங்க குனியாதீங்க... நான் பார்த்துக்கறேன்.’’

‘‘அத்தை, நீங்க ஏன் பூஜை ரூமைத் துடைக்கறீங்க? உட்காருங்க. அப்புறம் இடுப்பைப் பிடிச்சுக்கும்!’’

‘‘பாட்டி, படி ஏறாதே. விழுந்துடுவே!’’

இவை எல்லாமே அன்பான வார்த்தைகள். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், ஒரே நாளில் பத்து தடவை, ‘உன்னால் முடியாது, உடைந்துவிடுவாய்’ என்று கேட்கும் மனம் என்ன ஆகும்? குழந்தையிடம் யாராவது அப்படிச் சொன்னால், ‘பிள்ளையை ஏன் பயமுறுத்துகிறாய்?’ என்று சண்டைக்குப் போக மாட்டோமா? பெரியவர்களிடம் மட்டும் அதையே பாசம் என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நாற்பது வருடம் அந்த வீட்டின் விளக்கை ஏற்றியவர் அவர். பூவைத் தொடுத்தவர், நைவேத்தியம் வைத்தவர், வாசல் தெளித்தவர் அவர். ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டால், மீதம் இருப்பது நாற்காலியும் டி.வி.யும்தான். வேலையை வாங்கிக்கொண்டதாக நாம் நினைக்கிறோம். அவரோ தன் இடத்தையே வாங்கிக்கொண்டதாக உணர்கிறார். ‘நான் இந்த வீட்டுக்கு இன்னும் வேணும்’ என்ற நினைப்புதான் ஒருவரைக் காலையில் படுக்கையை விட்டு எழுப்புகிறது.

அப்படியானால், எது அன்பு? அவருக்காகச் செய்துவிடுவதா, அவர் செய்யும்போது பக்கத்தில் நிற்பதா? முதலாவது சுலபம், நேரமும் மிச்சம். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். உண்மையைச் சொல்வதென்றால், ‘நீங்க உட்காருங்க’ என்று நாம் சொல்வதில் பாதி அவர்கள் இடுப்புக்காக. மீதி, நம் அவசரத்துக்காக!

‘விழுந்தால் யார் பார்ப்பது?’

‘‘சொல்வது சுலபம். நாளைக்கே அவங்க விழுந்து, எலும்பு முறிஞ்சு படுத்தா, ஆஸ்பத்திரிக்கு அலையறதும் ராத்திரி கண் முழிக்கறதும் நான்தானே?’’ என்று ஒரு மருமகளோ மகளோ கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பாரம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளில்தான் விழுகிறது. அவளுடைய பயத்தையும் நாம் மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால், கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் போட்டுப் பாருங்கள். பயந்து உட்கார்ந்தவரின் தொடைத் தசை இளைக்கிறது. நடை தடுமாறுகிறது. நாற்காலியிலிருந்து எழுவதற்கே ஆள் தேவைப்படுகிறது. இன்று விழக்கூடாது என்று உட்கார வைத்த அதே ஜாக்கிரதை, இரண்டு வருடம் கழித்து பாத்ரூமுக்குப் போகும் வழியில் அவரை விழ வைக்கலாம். ஆபத்தே இல்லாத வழி என்று ஒன்று இங்கே இல்லை. அசைவதில் உள்ள ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது; அசையாமல் இருப்பதன் ஆபத்து தெரிவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதோடு, அந்த உடம்பு அவருடையது. ‘கொஞ்சம் வலித்தாலும் பரவாயில்லை. நான் கோயிலைச் சுற்ற வேண்டும்’ என்று ஒருவர் தெளிந்த புத்தியோடு சொன்னால், தடுப்பதற்கு நமக்குள்ள உரிமை மிகக் குறைவு. நம் கடமை, அந்தச் சுற்றைப் பாதுகாப்பாக ஆக்கித் தருவது. வழுக்காத தரை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, நல்ல வெளிச்சம், கூட்டம் இல்லாத நேரம், கூட நடக்க ஒரு துணை. இவற்றை ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு, அவரை நடக்க விட வேண்டும்.

அப்பர் பெருமான் காட்டும் இரண்டு வழிகள்

‘அப்படியானால், பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்துவிட வேண்டியதுதானா?’ இல்லை. பயந்து ஒடுங்குவது ஒரு கோடி என்றால், உடம்பை வதைப்பது இன்னொரு கோடி. இதற்கு நமக்கு வழிகாட்டி, திருநாவுக்கரசர்.

அப்பர் பெருமான் 81 வயது வரை வாழ்ந்தவர் என்பது மரபு. அவர் கையில் இருந்த உழவாரப்படையை நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கிச் சுத்தம் செய்யும் கருவி அது. குனியாமல் அந்த வேலையைச் செய்ய முடியுமா? வாழ்க்கையின் கடைசிக் காலத்தில் திருப்புகலூரில் இருந்தபோதும் அவர் உழவாரப் பணியை விடவில்லை என்கிறது பெரிய புராணம். வயதைக் காரணம் காட்டிக் கருவியைக் கீழே வைக்காதவர் அவர்.

அதே அப்பர்தான், முதிய வயதில் கயிலாயத்தைக் கண்ணால் கண்டே தீருவது என்று வடக்கு நோக்கிப் புறப்பட்டார். நடந்தார். பாதம் தேய்ந்ததும் கைகளால் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தன, மார்பால் ஊர்ந்தார். பிறகு, உருண்டு உருண்டு போனார். அப்போது ஈசன் என்ன செய்தார்? ‘இன்னும் உருண்டு வா’ என்று சொல்லவில்லை. ஒரு முனிவராக எதிரே வந்து தடுத்தார். அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழச் செய்து, கயிலைக் காட்சியை அங்கேயே கொடுத்தார்!

உடம்பை நொறுக்கிக்கொண்டு வருவதை இறைவனே விரும்பவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆகவே, ‘அங்கப்பிரதட்சிணம் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டேன்; உயிரே போனாலும் உருளுவேன்’ என்பதும் சரியல்ல. பழநி மலைக்கு 1966-இல் விஞ்சும், 2004-இல் ரோப் காரும் வந்தன. படியேற முடியாத நாளில் அவற்றில் ஏறிப் போவதால் பக்தி குறைந்துவிடாது. உழவாரம் பிடித்த அப்பரிடமிருந்து பயமின்மையைக் கற்போம். கயிலைக்குப் போன அப்பரின் கதையிலிருந்து அளவைக் கற்போம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

பயத்தை, ‘பயப்படாதே’ என்று சொல்லி விரட்ட முடியாது. செய்து பார்த்துத்தான் விரட்ட முடியும். இந்த மாதிரி பயம் உள்ளவர்களுக்குச் சிகிச்சையளிக்கும் பிசியோதெரபிஸ்டுகளின் வழியும் இதுதான். பயப்படும் காரியங்களை, குறைந்த பயம் முதல் அதிக பயம் வரை வரிசைப்படுத்தி, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறுவது.

நமஸ்காரத்தையே எடுத்துக்கொள்வோம். பெண்களுக்கு உரியது பஞ்சாங்க நமஸ்காரம். தலை, இரு கைகள், இரு முழங்கால்கள் ஆகிய ஐந்தும் தரையில் பட வேண்டும். எடுத்ததும் அதற்குப் போக வேண்டாம்.

* முதல் சில நாட்கள், கனமான ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து லேசாகக் குனிந்து நிமிருங்கள்.

* அடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுவதாக நினைத்துக்கொள்ளலாம். தொடைக்கு வலு சேரும்.

* பிறகு, மடித்த ஜமக்காளத்தின் மேல், ஒரு கையால் கட்டிலைப் பிடித்தபடி, ஒரு முழங்காலை மட்டும் ஊன்றி எழுந்திருங்கள்.

* அது பழகிய பிறகு, இரண்டு முழங்கால்கள். கடைசியில் கைகளும் நெற்றியும். முதல் தடவை பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். தூக்கிவிட அல்ல, தைரியத்துக்கு.

ஒரு படியில் ஒரு வாரம் ஆனாலும் சரி, ஒரு மாதம் ஆனாலும் சரி. செய்யும்போது கொஞ்சம் வலித்து, மறுநாள் பழைய நிலைக்கு வந்துவிட்டால், அளவு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மறுநாளும் வலி தூக்கலாக இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

பிரதட்சிணமும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் 701 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. இடுப்பு வலி வந்து குணமானவர்களில் ஒரு பகுதியினருக்கு, அவரவர் சக்திக்கு ஏற்ப நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டும் பயிற்சியும், வலியைப் பற்றிய விளக்கமும் அளித்தார்கள். மற்றவர்களுக்கு அப்படி எதுவும் அளிக்கவில்லை. அந்த மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாட்களுக்குள் வலி திரும்பிவிட்டது. நடந்தவர்களிலோ, பாதிப் பேருக்கு வலி திரும்புவதற்கு 208 நாட்கள் ஆயின. இதற்கு மாத்திரையும் இல்லை, மெஷினும் இல்லை. வெறும் நடைதான்!

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை அடுத்த பௌர்ணமிக்கே திட்டமிட வேண்டாம். தெருக்கோடிப் பிள்ளையாரை ஒரு சுற்று. அடுத்த வாரம் இரண்டு சுற்று. பிறகு மூன்று. மனம் ஸ்லோகத்தில் இருக்கட்டும். கால் தன் வேலையைச் செய்யும்.

இடுப்பு பெல்ட்டைப் பற்றிப் பலருக்குக் கேள்வி இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட சாதாரண இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியையும் வலியைப் பற்றிய விளக்கத்தையும் சிபாரிசு செய்திருக்கிறது. பெல்ட்டையும், இழுவை சிகிச்சையையும் சிபாரிசு செய்யவில்லை. ஆனால், ஆபரேஷனோ எலும்பு முறிவோ காரணமாக உங்கள் டாக்டர் பெல்ட் கொடுத்திருந்தால், அவரைக் கேட்காமல் கழற்றிவிடாதீர்கள்.

இதற்கு மட்டும் தாமதிக்காதீர்கள்!

பயம் வேறு, எச்சரிக்கை வேறு என்றோம். எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் இவை: சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, கால் பலமிழப்பது - இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு சேர்ந்த வலி, காரணமில்லாமல் எடை குறைவது, இரவிலும் ஓயாத வலி, முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்கு வரும் வலி - இவற்றையும் டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு பலவீனம் அதிகம். முதுகெலும்பு நொறுங்கிய அனுபவம் உள்ளவர்களும், எலும்பு பலவீனம் இருப்பதாக அறிந்தவர்களும், குனியும் பயிற்சிகளை டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்ட பிறகே ஆரம்பிக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? அதையும் நம்புங்கள். ‘ஆபத்து’ என்று டாக்டர் சொன்னால் உடனே நம்புகிற நாம், ‘ஒன்றுமில்லை, நடங்கள்’ என்று சொன்னால் மட்டும் வேறு டாக்டரைத் தேடுகிறோம்!

அபயம் காட்டும் கை

தில்லைக் கூத்தனின் திருவுருவத்தை அடுத்த முறை தரிசிக்கும்போது நிதானமாகப் பாருங்கள். ஒரு கையில் உடுக்கை; ஒரு கையில் தீ. ஒரு பாதம் முயலகன் மேல் ஊன்றியிருக்கிறது, மற்றொன்று தூக்கியிருக்கிறது. சடை பறக்கிறது. அங்கே அசையாமல் இருப்பது எதுவுமே இல்லை. அத்தனை அசைவுக்கு நடுவில், ஒரு வலக்கரம் மட்டும் உள்ளங்கையைக் காட்டி ‘அஞ்சாதே’ என்கிறது. ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் கோலத்தில் அல்ல, ஆடிக்கொண்டிருக்கும் கோலத்தில்தான் அவர் நமக்கு அபயம் தருகிறார்.

வலியே இல்லாத முதுமையை நமக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால், பயம் இல்லாத முதுமையைப் பெரியவர்களுக்கு நாம் கொடுக்க முடியும். நாளைக்கு நாமும் அந்த நாற்காலிக்கு அருகே வந்து நிற்கப் போகிறவர்கள்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை, உங்கள் வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில், மாமியாரையோ அம்மாவையோ அழையுங்கள். ‘‘நீங்க உட்காருங்க’’ என்பதற்குப் பதிலாக, ‘‘நீங்க ஏத்துங்கம்மா... நான் பக்கத்துல நிக்கறேன்’’ என்று சொல்லிப் பாருங்கள். தீக்குச்சியைப் பற்றவைக்க அவர்கள் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும்!